கல்லூரிப் பணியில் பாதி வழி வந்தவர்களுக்கு: எக்செலிலிருந்து ஏஐ வரை ஒரு செய்முறை

ஒரு நெடுவரிசையில் ஐந்து கட்டங்கள். 72, 0, ஏபி (தேர்வுக்கு வராதவர்), 55, கடைசிக் கட்டம் காலி. சராசரி எவ்வளவு?

எக்செலின் ஆவரேஜ் 42.33 என்று காட்டும். எழுத்தையும் காலிக் கட்டத்தையும் அது ஒதுக்கிவிட்டு மூன்றால் வகுக்கிறது. தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் என்று கொண்டால் 31.75. காலிக் கட்டத்தையும் ஓர் ஆளாக எண்ணினால் 25.4. மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. எதை எடுத்துக்கொள்வது என்பதை விதிமுறைதான் சொல்ல வேண்டும். அந்தக் காலிக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது, மதிப்பெண் இன்னும் வந்து சேரவில்லையா, மாணவர் படிப்பை விட்டுப் போய்விட்டாரா என்பது அந்த மேசையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். ஏஐ கருவியிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், மூன்றில் ஏதோ ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு தயக்கமில்லாமல் எழுதித் தந்துவிடும்.

உயர்கல்வி நிறுவனங்களில் பணியின் நடுக்கட்டத்தில் இருக்கும் ஆசிரியர்கள், தேர்வுப் பிரிவினர், அலுவலகப் பணியாளர்கள், நூலகர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது. கருவியைப் பழகுவது சில வாரத்து வேலை. விடை தப்பு என்று பார்த்தவுடன் பிடித்துவிடும் கண் அப்படிச் சீக்கிரம் வந்துவிடாது; அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அந்தக் கண் எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு தாளில் இந்த மாதம் திரும்பத் திரும்பச் செய்த வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் போதும்: எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தப்பு நேர்ந்தால் யார் எப்போது கண்டுபிடிப்பார்கள். மாதத்தில் மூன்று முறையாவது வருகிற, தப்பு வந்தால் பத்து நிமிடத்துக்குள் நீங்களே பார்த்துவிடக்கூடிய, யாருடைய சொந்த விவரமும் இல்லாத வேலை எதுவோ அதுவே முதல் வேலை. சுற்றறிக்கை வரைவு, பாட அறிமுகக் குறிப்பு, அறுபது பக்க விதிமுறை ஏட்டிலிருந்து கேள்வி–பதில் தயாரிப்பது, எக்செல் ஃபார்முலா எழுதுவது எல்லாம் இதற்குப் பொருந்தும்.

இறுதி மதிப்பெண், சேர்க்கைப் பட்டியல், பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றில் தொடங்கவே கூடாது. அவற்றில் தப்பு நேர்ந்தால் அதை முதலில் கண்டுபிடிக்கிறவர் பாதிக்கப்பட்ட மாணவராகவே இருப்பார்.

ஏஐ-க்கு முன்னால்: ஷீட்டைச் சுத்தம் செய்வது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக எல்லாருக்கும் ஆசை வரும். தாண்டாதீர்கள். ‘ஏஐ தப்பாகச் சொல்லிவிட்டது’ என்று வரும் புகார்களில் பல, உள்ளே கொடுத்த ஷீட்டின் கோளாறுதான்.

பதிவெண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக மாற்றிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் தின்றுவிடும்: 00417 உள்ளே போனால் 417. ஒருமுறை போன இலக்கம் ஃபார்மட்டை மாற்றினாலும் திரும்பி வராது. பதிவெண் கூட்டவோ கழிக்கவோ பயன்படும் எண் இல்லை, அது ஒரு பெயர் மாதிரி. அதனால் தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

இணையதளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறப்பதுதான் இந்தச் சேதத்துக்குப் பெரிய காரணம். திறக்க வேண்டிய முறை இது:

1. வெற்று எக்செல் கோப்பில் டேட்டா தாவலுக்குப் போய், டெக்ஸ்ட்/சிஎஸ்வி-யிலிருந்து எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள்.
2. முன்னோட்டத்தில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு தேர்வுதான்.
3. உடனே லோடு செய்யாமல் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவுக்குப் போய், பதிவெண் நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள்.
4. ‘இப்போதிருப்பதை மாற்றவா, புதுப் படியாகச் சேர்க்கவா’ என்று ஒரு கேள்வி வரும். மாற்று என்பதையே அழுத்துங்கள். புதுப் படியாகச் சேர்த்தால், எண்ணாகி பூஜ்யத்தை இழந்த பிறகுதான் அது எழுத்தாகும், பயனில்லை.

எக்செலின் இந்த ‘உதவி’ உலகளாவிய அறிவியல் பெயரிடலையே மாற்றியிருக்கிறது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. தேதியைப் பொறுத்தவரை 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவதுதான் பாதுகாப்பு. 03/04 என்பதை ஒரு கணினி ஏப்ரல் 3 என்றும் இன்னொன்று மார்ச் 4 என்றும் படிக்கும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர்தான், ஆனாலும் பொருந்தவில்லை என்றால் லென் ஃபங்ஷனால் இரண்டின் நீளத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று 9, மற்றது 10 என்று வந்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. ட்ரிம் அதை நீக்கும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்ததில் வரும், எழுத்துக் குறியீட்டு எண் 160 கொண்ட தனி வகை இடைவெளியை மட்டும் ட்ரிம் தொடாது. சப்ஸ்டிட்யூட் கொண்டு முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுப் பிறகு ட்ரிம் செய்ய வேண்டும்.

ஒரு பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துவர வீலுக்அப் பயன்படுத்துகிறவர்கள் கடைசி இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதாமல் விட்டால், அது ‘ஏறத்தாழப் பொருந்துவதை’ எடுத்துவரும். அகர வரிசையில் இல்லாத பட்டியலில் அடுத்தவர் மதிப்பெண் வந்து உட்காரும், பிழைச் செய்தி எதுவும் வராது. எக்ஸ்லுக்அப் இருக்கும் பதிப்பு கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள். துல்லியமாகப் பொருந்துவதைத் தேடுவதே அதன் இயல்பு.

மாணவரின் வாழ்க்கையைத் தொடுகிற கோளாறு ஒன்று உண்டு. 39.5 இருக்கும் கட்டத்தைத் தசமம் இல்லாமல் காட்டச் சொன்னால் திரையில் 40 என்று தெரியும், உள்ளே 39.5 தான் இருக்கும். தேர்ச்சி 40 என்றால், அச்சில் 40 என்றும் பக்கத்துக் கட்டத்தில் தோல்வி என்றும் வரும். முழுமையாக்க வேண்டும் என்று விதி சொன்னால் ரவுண்ட் ஃபங்ஷனைக் கொண்டு மதிப்பையே மாற்றுங்கள். தோற்றத்தை மட்டும் மாற்றிவிட்டு நகராதீர்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும், கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள், கன்ட்ரோல்+T அழுத்தி அட்டவணையாக்கிவிடுங்கள். அட்டவணையாக்கியபின் ஒரு நெடுவரிசை மட்டும் தனியாக வரிசை மாறி, பெயர் ஒருவருடையதாகவும் மதிப்பெண் இன்னொருவருடையதாகவும் ஆகிற விபத்து நேராது.

ஏஐ-யிடம் விடையைக் கேட்காமல் ஃபார்முலாவைக் கேட்பது

ஏஐ கருவிகளின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்துண்டைக் கணித்து எழுதுகின்றன. நானூறு பெயரை ஒட்டி ‘இதில் எத்தனை பேர் தேர்ச்சி’ என்று கேட்டால் வரும் எண், எண்ணிப் பார்த்த எண்ணாக இல்லாமல் போகலாம். சில கருவிகள் பின்னால் நிரல் எழுதி ஓட்டிக் கணக்கிடும். அப்போது அந்த நிரலைக் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு சிக்கலையும் ஒரே பழக்கம் தீர்க்கும்: கணக்கை உங்கள் ஷீட்டிலேயே வைத்துக்கொண்டு, கணக்குப் போடும் ஃபார்முலாவை மட்டும் அதனிடம் கேளுங்கள். ஃபார்முலாவைச் சோதித்துப் பார்க்க முடியும், கோப்பில் வைக்க முடியும், அடுத்த பருவத்திலும் பயன்படுத்த முடியும். மாணவர் பெயர் ஒன்றுகூட வெளியே போக வேண்டியதில்லை.

கேட்கும் விதம் இப்படி இருக்கட்டும்:

‘பி நெடுவரிசையில் உள்மதிப்பீடு, 0 முதல் 25 வரை. சி நெடுவரிசையில் எழுத்துத் தேர்வு, 0 முதல் 75 வரை. வராதவருக்கு ஏபி என்று இருக்கும். டி நெடுவரிசையில் மொத்தம் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு வராதவருக்கு டி-யிலும் ஏபி என்றே வர வேண்டும். ஏதாவது கட்டம் காலி என்றால் சரிபார்க்க என்று வர வேண்டும். விதியில் நான் எதையாவது விட்டிருந்தால், ஃபார்முலா எழுதும் முன் கேட்கவும்.’

கடைசி வரியைச் சேர்க்காவிட்டால் அது கேட்காது, ஊகித்துக்கொள்ளும். வந்த ஃபார்முலாவை உண்மையான பட்டியலில் போடுவதற்கு முன் ஏழு சோதனை வரிசைகளை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடையை முதலில் கையால் எழுதிவிட வேண்டும். ஃபார்முலா சொன்னதைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் அதற்கு ஒத்துப்போய்விடும்.

20, 60 என்றால் 80. 20, ஏபி என்றால் ஏபி. காலி, 60 என்றால் சரிபார்க்க. 0, 0 என்றால் 0. இந்த நான்காவது வரிசை முக்கியம்: எக்செலில் காலிக் கட்டத்தைப் ‘பூஜ்யத்துக்குச் சமமா’ என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்லும். அதனால் அவசரமாக எழுதிய ஃபார்முலா, பூஜ்யம் வாங்கியவரையும் மதிப்பெண் வராதவரையும் ஒன்றாக்கிவிடும். ஐந்தாவது வரிசை 26, 60. வரம்பைத் தாண்டிய எண்; தட்டச்சுப் பிழையைப் பிடிக்கிறதா என்று பார்க்க. ஆறாவது, ஏபி-க்குப் பின்னால் வேண்டுமென்றே ஓர் இடைவெளி. ஏழாவது, ஏபி, 60.

ஏழாவது வரிசையில் நீங்கள் எதிர்பார்க்கும் விடை என்ன? உள்மதிப்பீட்டுக்கு வராமல் எழுத்துத் தேர்வு எழுதியவருக்கு என்ன செய்வது என்று மேலே கொடுத்த விதியில் இல்லை. ஃபார்முலா ஏதோ ஒன்றைச் செய்யும். விதி ஏட்டைப் புரட்டி, தேவையானால் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். நல்ல ப்ராம்ப்ட் (ஏஐ-க்குக் கொடுக்கும் கேள்வி) எழுதுவது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்: அலுவலகத்தில் வாய்மொழியாக மட்டும் இருந்த விதியை முழுசாக எழுதுவது.

பைத்தான் நிரலாகத் தந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. எக்செலின் ரவுண்ட் 40.5-ஐ 41 ஆக்கும். பைத்தானின் ரவுண்ட், சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் என்பதால் 40 ஆக்கும். ஒரே பட்டியலை இரண்டிலும் ஓட்டினால் சிலருக்கு ஒரு மதிப்பெண் மாறும். பாதியில் முடியும் எண்களைச் சோதனை வரிசையில் கட்டாயம் சேருங்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, அதைச் சுருக்கித் தரும் கருவிகள் நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும். பதிவு செய்கிறோம் என்று கூட்டத் தொடக்கத்தில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். தப்பு வழக்கமாக நேரும் இடங்கள் ஆட்களின் பெயர், எண்கள், எதிர்மறைச் சொல். ‘ஒப்புக்கொள்ள முடியாது’ என்பதில் கடைசி எழுத்துகள் காதில் விழாமல் போனால் முடிவே தலைகீழாகும். ஒருவர் ‘இப்படிச் செய்து பார்க்கலாமே’ என்று சொன்னது, சுருக்கத்தில் ‘முடிவு செய்யப்பட்டது’ என்று மாறிவிடுவதும் அடிக்கடி நடப்பது.

அதனால் வெறுமனே சுருக்கச் சொல்லாதீர்கள். முடிவு, பொறுப்பாளர், கெடு, அந்த முடிவுக்கு ஆதாரமான வாக்கியம் எழுத்தாக்கத்தில் உள்ளபடியே என்று நான்கு நெடுவரிசையில் கேளுங்கள். பிறகு நான்காவது நெடுவரிசை வாக்கியம் ஒவ்வொன்றையும் எழுத்தாக்கத்தில் கன்ட்ரோல்+எஃப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காத வாக்கியம் கருவி தானாக எழுதியது; அந்த முடிவை அடித்துவிட்டு ஒலிப்பதிவைக் கேளுங்கள். பணம், தேதி, பதவி சம்பந்தப்பட்ட வரிகளுக்கு வாக்கியம் கிடைத்தாலும் ஒலிப்பதிவைக் கேட்பது நல்லது.

கற்பித்தலும் ஆய்வும்

ஏஐ தரும் மேற்கோள் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாள எண்) டிஓஐ தளத்தில் ஒட்டித் திறந்து, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண் திறப்பது மட்டும் போதாது, அது வேறொரு கட்டுரையின் எண்ணாக இருக்கலாம். மூன்றும் பொருந்திய பிறகு, நீங்கள் மேற்கோள் காட்டும் கருத்து அந்தக் கட்டுரையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும் வேலை பாக்கி. 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகளைச் சட்டத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடியிருந்தாலே போதும்.

கொள்குறி வினாக்கள் எழுதச் சொல்லும்போது, நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தவறான விடையும் மாணவரின் எந்தத் தவறான புரிதலிலிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீளமான விடையே சரியானதாக அமைந்து, பாடம் படிக்காதவரும் எடுத்துவிடுவார். எந்தத் தவறான புரிதல் உங்கள் வகுப்பில் உண்மையில் நிலவுகிறது என்பதை நீங்கள்தான் திருத்தித் தர முடியும். பத்து வினா கேட்டால் நான்கு தேறலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

மாணவர் ஏஐ கொண்டு எழுதினாரா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று சொல்லி ஜூலையில் தானே திரும்பப் பெற்றது. ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தையே பிடித்த அது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுத்து என்று முத்திரை குத்தப்பட்டன. நம் மாணவர்களில் பலர் அந்த வகையில்தான் வருவார்கள். இதைவிடப் பலன் தருவது வேறு: ஒப்படைப்பை மூன்று கட்டமாக வாங்குவது, ஆவணத்தின் திருத்த வரலாற்றோடு சமர்ப்பிக்கச் சொல்வது, சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் வாய்மொழியாக விளக்கச் சொல்வது.

கட்டுரை ஆசிரியராக ஏஐ-யைக் குறிப்பிட முடியாது என்பதைப் பதிப்பு நெறிமுறைக் குழு 2023-இலேயே தெளிவாக்கிவிட்டது. மதிப்பாய்வுக்கு வந்த பிறருடைய கட்டுரையைப் பொதுக் கருவியில் ஏற்றுவது ரகசியக் காப்பை மீறுவது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் தங்கள் மதிப்பாய்வாளர்களுக்கு அதை 2023 ஜூனிலேயே தடை செய்துவிட்டன.

எதை வெளியே விடக் கூடாது

சொந்தக் கணக்கில் பயன்படுத்தும் கருவிகளில் உரையாடல்கள் அடுத்த மாதிரியின் பயிற்சிக்குப் போகக்கூடும். செட்டிங்ஸில் அதை நிறுத்தும் இடம் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வழங்கிய கணக்கு இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். எதுவானாலும் பெயர், பதிவெண், உடல்நலச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை, வெளியாகாத மதிப்பெண் இவை உள்ளே போக வேண்டாம். கடிதத்துக்கு ‘மாணவர் 1’ போதும். வந்த பிறகு உங்கள் கணினியில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

கோப்பை அனுப்பும்போது மறைத்த ஷீட்டும் கூடவே போகும் என்பதை மறந்துவிடுகிறோம். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை ஒரு தகவல் கோரிக்கைக்குப் பதிலாக அனுப்பிய கோப்பில் மறைந்திருந்த ஒரு ஷீட்டால், 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விவரம் வெளியானது. பிவட் அட்டவணையில் (தரவைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) ஒரு எண்ணை இரட்டைச் சொடுக்கினால் அதன் பின்னால் இருக்கும் வரிசைகள் விரியும். எனவே தேவையான நெடுவரிசைகளை மட்டும் புதுக் கோப்பில் மதிப்புகளாக ஒட்டி அனுப்புங்கள். பிடிஎஃப்-இல் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வரைவதும் மறைப்பு ஆகாது. அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுக்க முடியும்.

சேர்க்கையையும் மதிப்பீட்டையும் ஏஐ-யிடம் ஒப்படைப்பது தனி ரகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை உயர் ஆபத்துப் பயன்பாடுகளில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லாவிட்டாலும், யாரைச் சேர்ப்பது என்று ஓர் ஆள் பெயர்போட்டுக் கையெழுத்திட முடியாத முடிவைக் கருவியிடமிருந்து வாங்காதீர்கள்.

வாரக் கணக்கு

வாரத்துக்கு இரண்டு முறை, 45 நிமிடம் வீதம், எட்டு வாரம். முதல் மூன்று வாரம் ஷீட் வேலை மட்டும். நான்கும் ஐந்தும் ஃபார்முலாவும் சோதனை வரிசைகளும். ஆறாவது வாரம் கூட்டக் குறிப்பு. கடைசி இரண்டு வாரம் உங்கள் பணிக்கே உரியது எதுவோ அது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கும் பயிற்சி, திங்கட்கிழமை சொந்தக் கோப்பைத் திறக்கும்போது கைக்கு வருவதில்லை. உங்கள் கோப்பிலேயே, வேலை நேரத்திலேயே பழகுங்கள். துறைத்தலைவர் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கால அட்டவணையில் எழுதியே ஒதுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வையுங்கள்: என்ன வேலை, முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை, திருத்தப் பிடித்த நேரம், கண்ட பிழை. திருத்தும் நேரத்தைச் சேர்த்தபின் மிச்சம் இல்லாத வேலையைப் பழைய முறையிலேயே செய்யுங்கள். மிச்சம் தந்த வேலைகளின் ப்ராம்ப்ட், சோதனை வரிசைகள், எதிர்பார்த்த விடைகள் மூன்றையும் துறையின் பொதுக் கோப்புறையில் தேதியோடு போட்டு வையுங்கள். கருவியின் புதுப் பதிப்பு வந்ததாக அறிவிப்பு கண்டால், அதே ப்ராம்ப்டை மறுபடி கொடுத்து வந்ததை அதே ஏழு வரிசையில் ஓட்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடருங்கள்.